ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வைத்த மஞ்சள் கேசட்

முதலில் கேசட் ஓட்டும் டெக்கின் மேல்தான் சந்தேகப்பட்டேன். கேசட்டைப் போட்டு பட்டனை அழுத்திய இரண்டாவது நொடியே, மனுஷன் இவ்வளவு வேகமாக வாசிக்க மாட்டான் என்று தோன்றிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் கேசட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். பாட்டின் ஓட்டத்தில் கோளாறு என்றால் பெல்ட்டா, ரோலரா, மோட்டாரா என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்ற திமிர் உண்டு. இது மோட்டார் என்று தீர்ப்பு எழுதினேன். பின்மூடியைக் கழற்றி, மோட்டாரின் முதுகில் இருக்கும் பொடி ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். கிட்டார் ஒரு நிதானத்துக்கு வந்தது. டிரம்ஸும் நம்பும்படி இறங்கியது. பாடுகிறவரின் குரல் கட்டையாகத் தெரிந்தது. வெள்ளைக்காரன் குரல், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து பாட்டு அப்படியே ஓடியது. ஆறாவதில் மாட்டிக்கொண்டேன். திடீரென்று ரெகே வந்தது, ஜமைக்காத் தீவின் நிதானமான சங்கீதம், அதுவும் பாட்டு இல்லாத வெறும் வாத்தியம். மேட்டில் ஏறும் மாட்டுவண்டி போல முக்கி முக்கி நகர்ந்தது. எட்டாவது பாட்டும் ரெகே. அதில் பாடுகிறவர் வாயைத் திறந்ததும் சேற்றில் படுத்த எருமை கத்துவது போலக் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தை அப்புறம் செய்தேன். எனக்கு அட்சரம் அட்சரமாகத் தெரிந்த ஒரு பழைய தமிழ்ப் பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்தால், அதுவும் எருமை. மோட்டார் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கெடுத்தவன் நான். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருகி, முதலில் இருந்து ஓடவிட்டேன். அந்த நாலு பேரும் உண்மையிலேயே அவ்வளவு வேகம். அவர்கள் வெள்ளைக்காரர்களும் இல்லை.

கேசட்டின் பெயர் 'பேட் பிரெய்ன்ஸ்'. குழுவின் பெயரும் அதேதான். 1982 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஆர்.ஓ.ஐ.ஆர். கம்பெனி வெளியிட்டது. நீல் கூப்பர் என்பவர் 1979-இல் தொடங்கிய கம்பெனி அது. சோனி வாக்மேன் சந்தைக்கு வந்ததும் அதே வருடம்தான். ஆரம்ப காலத்தில் அவர்கள் எல்பி தட்டு போடவே இல்லை, எல்லாம் கேசட். ஒரு குழுவின் முதல் முழு ஆல்பம் கேசட்டாக மட்டும் வந்தது என்றால் என்னைப் போன்றவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்காதா? மஞ்சள் அட்டை. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தில் இடி விழுகிற படம். சிவப்பும் பச்சையும் கூடவே உண்டு. இதை நேசிக்கிறவர்கள் 'மஞ்சள் டேப்' என்றே சொல்கிறார்கள். என் கைக்கு வந்தது பின்னால் போட்ட மறுபதிப்பு.

கொண்டுவந்தவன் அக்கா மகன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. லீவு கிடைத்தால் பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய், காது கிழிகிற கச்சேரிகளில் நின்றுவிட்டு வருவான். அவன் பெட்டியில் கருப்புச் சட்டையைத் தவிர வேறு நிறமே கிடையாது. தை மாதம் பாலக்கோட்டுக்கு வந்தவன், "மாமா, உங்க டெக் இன்னும் ஓடுதா?" என்று கேட்டான். "ஏன் மாப்ள, அதுக்கென்ன கேடு?" என்றேன். பையிலிருந்து இதை எடுத்து வைத்தான். கேட்க மெஷின் இல்லாதவன் கேசட் வாங்கியிருக்கிறான். விலை என்ன என்று கேட்டேன். அக்காவின் பக்கம் திரும்பி, டீ இருக்கா என்று கேட்டுவிட்டான்.

என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவன் யார் ஹார்ட்கோர் பங்க் என்கிற இந்தக் காட்டுவேக ராக் பற்றிப் பேச என்று கேட்பீர்கள். 1987-இல் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்தேன். ஒரு ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிடக் கேசட்டா 90-ஆ என்று கேட்பேன். 60 என்றால் 12, 13 பாட்டு அடங்கும். ஒரு பக்கம் முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுந்தால் மறுநாள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். உரிமை, ராயல்டி என்ற பேச்செல்லாம் அப்போது எங்கள் தெருவுக்கு வரவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கேசட் செத்த பிறகு மைக் செட்டுக்கு மாறினேன். கல்யாணம், காது குத்து, திருவிழா, விடிய விடிய நடக்கும் மகாபாரதக் கூத்து எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியாகிவிட்டது. மேல்நாட்டுச் சங்கீதம் படித்தவன் இல்லை. ஆனால் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வர வேண்டும் என்பதை என்னைவிட அதிகம் யோசித்தவர்கள் தருமபுரி ஜில்லாவில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அதனால்தான் இந்தக் கேசட் என்னைப் பிடித்துக்கொண்டது. 15 பாட்டு, மொத்தமே 34 நிமிடத்தை ஒட்டித்தான் வரும். பாதிக்கு மேல் பாட்டுகள் ஒன்று, ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. எங்கள் சினிமாப் பாட்டில் பல்லவி வருவதற்கு முன்பான வாத்தியமே அந்த நேரம் எடுக்கும். முதல் ஐந்து பாட்டும் மூச்சு விடாமல் ஓடுகின்றன. 'செய்லின் ஆன்', 'டோன்ட் நீட் இட்', 'ஆட்டிட்யூட்', 'தி ரெகுலேட்டர்', 'பேன்ட் இன் டி.சி.' என்று வரிசை. இன்னொரு வேகப்பாட்டு வந்தால் காது மரத்துப்போகும் என்கிற இடத்தில் 'ஜா காலிங்' என்று ரெகே வாத்தியத்தை வைத்திருக்கிறார்கள். ஏழாவது திரும்ப ஓட்டம். எட்டாவது 'லீவிங் பாபிலோன்', நாலு நிமிட ரெகே. அதற்குப் பிறகு ஐந்து பாட்டு ஒன்றன் பின் ஒன்றாக அடிக்கின்றன. அப்புறம் ஆறு நிமிடத்துக்கு மேல் போகும் 'ஐ லவ் ஐ ஜா'.

கடை வைத்திருந்த காலத்தில் ஒரு டிராக்டர்காரர் வருவார். எல்லாமே டப்பாங்குத்தாகப் போடச் சொல்வார். போட்டுக் கொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பி வந்து, "கேசட்டு சப்புன்னு இருக்குதுப்பா" என்பார். நாலு குத்துக்கு நடுவில் ஒரு மெலடியைச் சொருகிக் கொடுத்தேன். அவருக்குச் சொல்லவில்லை. அதற்கப்புறம் சப்பென்ற புகார் வரவில்லை. மெதுவாக ஒன்றைக் கேட்ட காதுக்குத்தான் அடுத்தது வேகம் என்று தெரியும். இதை ஒரு பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன் டிராக்டர்காரரிடம் கற்றுக்கொண்டான். வாஷிங்டனில் இருந்து வந்த நாலு பேர் எங்கே கற்றார்கள் என்று தேடிப் பார்த்தேன், மாப்பிள்ளையும் கொஞ்சம் சொன்னான்.

அவர்கள் 1976 வாக்கில் சேர்ந்தபோது பங்க் குழுவாகவே இல்லை. 'மைண்ட் பவர்' என்ற பெயரில் ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃப்யூஷன் வாசித்தார்கள். சிக் கொரியாவின் ரிட்டர்ன் டு ஃபாரெவர், ஜான் மெக்லாக்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா மாதிரியான குழுக்கள்தான் அவர்களுக்கு முன்மாதிரி. மெக்லாக்லின் என்றால் நமக்கு அந்நியர் இல்லை. எழுபதுகளின் நடுவில் அவர்தான் நம்ம விக்கு விநாயக்ராம் கடத்தோடும், ஜாகிர் உசேன் தபலாவோடும், எல். சங்கர் வயலினோடும் சேர்ந்து 'சக்தி' என்று வாசித்தவர். ஒற்றைப்படைத் தாளக் கணக்கெல்லாம் பழகிய கை அது. அந்த மாதிரிச் சங்கீதத்தை விரும்பிப் பயின்ற கறுப்பினப் பையன்கள் பங்க் பாட்டைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் ஒரு பாட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். பிறகு பாப் மார்லியின் கச்சேரியைப் பார்த்துவிட்டு ரெகேயும், ஜமைக்காவில் பிறந்த ரஸ்தாஃபாரி என்ற மத நம்பிக்கையும் சேர்ந்துகொண்டன. பாட்டு எச்.ஆர்., டிரம்ஸ் அவருடைய தம்பி ஏர்ல் ஹட்சன், கிட்டார் டாக்டர் நோ, அடிச்சத்தம் தரும் பேஸ் கிட்டார் டேரில் ஜெனிஃபர்.

பங்க் என்பது வாசிக்கத் தெரியாதவனும் மேடை ஏறலாம் என்று கதவைத் திறந்துவிட்ட சங்கீதம். மூன்று பிடி தெரிந்தால் போதும் என்பார்கள். அதில் தப்பில்லை, நானும் சங்கீதம் தெரியாமல்தான் சங்கீதத்தில் சோறு தின்றேன். ஆனால் திறந்த கதவு வழியாக நன்றாக வாசிக்கத் தெரிந்த நாலு பேர் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கேசட்தான் சாட்சி. அதே காலத்தில் வேகமாக அடித்தவர்கள் வேறு பலர் உண்டு. கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் குழுவின் 'டேமேஜ்ட்' 1981 டிசம்பரில் வந்தது. மாப்பிள்ளை அதையும் போனில் கேட்க வைத்தான். அதில் இருப்பது ஆத்திரம், எதிரில் இருப்பதை உடைத்துவிட்டுத் தானும் உடைகிற ஆத்திரம். இதில் வேகம் இருக்கிறது, உடைசல் இல்லை.

போன மாசியில் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு ஊரில் மயானக் கொள்ளைக்குக் குழாய் கட்டப் போயிருந்தேன். சாயங்காலம் நாலு மணி, ஊரில் கூட்டமில்லை. டெஸ்டிங்குக்கு எப்போதும் ஒரு அம்மன் பாட்டுத்தான் போடுவேன். அன்றைக்கு கை அரித்தது. பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்த 'பேன்ட் இன் டி.சி.'யை ஓடவிட்டேன். வளையல் கடை போட்டுக்கொண்டிருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார். கமிட்டிக்காரர் ஓடி வந்தார். ஆனால் மரத்தடியில் பம்பைக்குத் தோல் காய வைத்துக்கொண்டிருந்த பெரியவர் கையைக் காட்டி, இரு என்றார். அவர் எழுபதைத் தாண்டியவர், எத்தனையோ பேருக்கு அருள் வரவழைத்த கை. இரண்டு நிமிடத்தில் பாட்டு வெட்டினது போல முடிந்தது. "ஓடறது பெருசு இல்லப்பா. நிக்கறான் பாரு. நாலு பேரும் ஒரே எடத்துல நிக்கறான்" என்றார். அப்புறம் கமிட்டிக்காரருக்காக அம்மன் பாட்டைப் போட்டேன்.

நான் இத்தனை பத்தியில் சுற்றி வளைத்ததை அவர் ஒரு வாயில் சொல்லிவிட்டார். இந்தப் பாட்டுகளின் முடிவுகளைக் கவனியுங்கள். இழுவை இல்லை, மெல்ல மங்கிப்போகிற சத்தம் இல்லை. ஓட்டத்தின் உச்சத்தில் அரிவாள் போட்டதுபோல நிற்கிறது. டிரம்ஸின் கடைசி அடியும் கிட்டாரின் கடைசி அடியும் ஒன்றின் மேல் ஒன்று. 1982 டிசம்பரில் நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. என்ற கிளப்பில் இவர்கள் வாசித்த படப்பதிவு இருக்கிறது. அதில் எச்.ஆர். மேடையில் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் அருள் வந்தவர் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பதில் பேர் போனவர். அவர் அங்கே அந்தரத்தில் பறந்தால், பின்னால் தம்பி கணக்குத் தவறாமல் அடித்துக்கொண்டிருப்பார். பம்பைக்காரர் கணக்கை விட்டால் ஆடுகிறவன் விழுந்துவிடுவான். இது எல்லா ஊருக்கும் பொதுதான் போலிருக்கிறது.

டிரம்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். வேகப்பாட்டில் அடி சாதாரணமானதுதான். டும் டக் டும் டக் என்று காலும் கையும் மாறி மாறி, அதை இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கிறார் ஏர்ல். ரெகேக்கு வந்தால் கணக்கே தலைகீழ். நாலு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கையைச் சும்மா விட்டுவிடுகிறார். எல்லாரும் அடிக்கிற இடம் அது. மூன்றாவதில்தான் அடி விழுகிறது. கிட்டார் இடைவெளியில் 'சிக், சிக்' என்று வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மீதி இடம் பேஸுக்கு. ஒரு கேசட்டுக்குள் ஒரே ஆள், ஒரு பாட்டில் எல்லா எண்ணிக்கையையும் நிரப்புகிறார், அடுத்த பாட்டில் முதல் எண்ணிக்கையையே காலியாக விடுகிறார். அடிக்காமல் இருக்கத் தெரிந்தவன் அடிக்கிற அடி அது. முதல் முறை நான் மோட்டாரைத் திருகிக் கேட்டபோது இதெல்லாம் ஒரே சகதியாகக் கலந்துபோயிருந்தது.

பாட்டு பாட்டாகச் சொல்ல உட்கார்ந்தால் விடிந்துவிடும். எனக்கு ஒட்டிக்கொண்டவை மூன்று. 'பிக் டேக்ஓவர்' கிளம்புகிற விதம் ஒன்று. காய்ந்த கரும்புத் தோகையில் நெருப்பு வைத்தால் முதலில் ஓரத்தில் பொறுமையாகக் கருகி, பிறகு ஒரே மூச்சில் பிடிக்குமே, அந்த மாதிரி. பாலக்கோட்டுக்காரனுக்கு இந்த உவமை தானாக வரும், சர்க்கரை ஆலை ஊர். அடுத்தது 'பே டு கம்'. 1980-லேயே சின்னத் தட்டாக வெளிவந்து இவர்களுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டு. ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள் எச்.ஆர். துப்புகிற சொற்களை எண்ண முயன்று தோற்றேன். மாப்பிள்ளை வரிகளை எடுத்துக் காட்டிய பிறகு பார்த்தால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை, எல்லாம் இருக்கின்றன. மூன்றாவது 'லீவிங் பாபிலோன்'. குரல் எதிரொலித்துக்கொண்டே மலைக்குள் போய் மறைகிறது. தொப்பூர்க் கணவாயில் ராத்திரி லாரி ஹார்ன் அடித்தால் இப்படித்தான் போகும்.

'பேன்ட் இன் டி.சி.' என்றால் வாஷிங்டனில் தடை செய்யப்பட்டவர்கள் என்று பொருள். வெறும் பாட்டுக்காக எழுதியது இல்லை. கூட்டம் ரகளை செய்கிறது என்று அந்த ஊர்க் கிளப்புகள் இவர்களுக்கு மேடை தர மறுத்தன. 1981 வாக்கில் நியூயார்க்குக்கு இடம் மாறினார்கள். பாட்டில் புலம்பல் இல்லை. உன் கதவு மூடியிருந்தால் எனக்குப் போக வேறு ஊரா இல்லை என்கிற தொனிதான். வெள்ளைக்காரப் பையன்கள் நிறைந்த ஒரு உலகத்தில் நாலு கறுப்பினத்தவர் எல்லாரையும் மிஞ்சி வாசித்தார்கள், அவர்களுக்குத்தான் மேடையும் இல்லாமல் போனது. இங்கே ஒரு ஊரில் குழாய் கட்டியபோது பார்த்ததைச் சொல்கிறேன். பறை இல்லாமல் சாமி புறப்படாது. ஆனால் பறை அடித்தவர்களுக்குச் சாப்பாடு கோயிலுக்கு வெளியே, தனி வரிசையில். அன்றைக்கு நான் எதுவும் பேசவில்லை, ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தப் பாட்டைக் கேட்கும்போது அது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

சத்தத்தின் தரம் எப்படி? பதிவு நடந்த இடம் நியூயார்க்கில் அவென்யூ ஏ தெருவில் 171-ஆம் எண் கட்டடம். அந்த எண்ணே ஸ்டூடியோவுக்கும் பெயர், 171ஏ. ஜெர்ரி வில்லியம்ஸ் என்பவர் பதிவு செய்தார். பெரிய ஸ்டூடியோவின் வழவழப்பு கிடையாது. கிட்டாரும் டிரம்ஸின் தட்டும் ஒன்றோடொன்று உரசுகின்றன. டேப்பின் இரைச்சல் மெல்லிய மழை போலப் பின்னால் இருந்துகொண்டே இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன அறையில் நாலு பேர் மூச்சுக்கு மூச்சு எதிரே நிற்கிறார்கள் என்ற உணர்வு வருகிறதே, அது வழவழப்பில் வராது. எதில் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறேன். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், கொசு சண்டை போடுவது போல இருக்கும். குழாயில் போட்டால் வேகப்பாட்டு பிரமாதம், ரெகே பாட்டு செத்துவிடும். குழாய்க்கு அடிச்சத்தம் வராது, டேரில் ஜெனிஃபர் ஊரை விட்டே போய்விடுவார். 15 இன்ச் ஸ்பீக்கர் வைத்த பாக்ஸில் போட்டபோதுதான் அவர் எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்தது. வீட்டில் இருந்தால் நல்ல ஹெட்போன் போதும். டெக்கில் போடுகிறவர்கள் முதலில் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள், இரைச்சலுக்கு நடுவில் அழுக்கும் சேர்ந்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

குறை இல்லாமல் இல்லை. 'ஐ லவ் ஐ ஜா' அழகான பாட்டுத்தான், ஆனால் ஆறு நிமிடம் அதிகம். நாலு நிமிடத்தில் சொல்லி முடித்ததை மேலும் இரண்டு நிமிடம் இழுக்கிறார்கள். கடையாக இருந்தால் அந்த இடத்தில் மெல்ல வால்யூமைக் குறைத்து வெட்டியிருப்பேன். அப்புறம் கடைசியில் ஒரு குட்டி உருப்படி வருகிறது. அதன் பெயர் 'இன்ட்ரோ'. அறிமுகமாம்! விடிந்து கூத்து கலைந்த பிறகு கட்டியங்காரன் திரை விலக்கி வணக்கம் சொல்கிற கதை. குறும்பு என்று வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது குறை பாட்டைத் தாண்டியது, ஆனால் சொல்லாமல் போக முடியாது. 1982 சுற்றுப்பயணத்தில் தன்பால் ஈர்ப்பு உள்ள சக இசைக்காரர்களிடம் இவர்கள் நடந்துகொண்ட விதம் அசிங்கமானது, அதனால் நண்பர்கள் பலரை இழந்தார்கள். ஒதுக்கப்படுவது என்னவென்று பாட்டாகவே பாடியவர்கள் செய்த காரியம் அது. மாப்பிள்ளைக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருந்தாலும் எழுதுகிறேன்.

'ஆட்டிட்யூட்' பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பி.எம்.ஏ. என்ற மூன்று எழுத்து என்ன என்று கேட்டேன். பாசிட்டிவ் மென்ட்டல் ஆட்டிட்யூட், அதாவது நல்லதையே நினைக்கும் மனசு. நெப்போலியன் ஹில் 1937-இல் எழுதிய 'திங்க் அண்ட் குரோ ரிச்' புத்தகத்தைப் படித்து இந்தக் குழு பிடித்துக்கொண்ட கொள்கை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சமையல் குறிப்புக்கும் ஜோதிடத்துக்கும் நடுவில் தமிழில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே ஆசாமி. எல்.ஐ.சி. ஏஜென்டுகள் கையில் வைத்துக்கொண்டு திரிகிற புத்தகத்திலிருந்து ஒருத்தன் 80 நொடியில் இப்படி ஒரு பாட்டைச் செய்ய முடியும் என்றால் அந்தப் புத்தகத்தை நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

இதற்குப் பிறகு வந்தவர்கள் பட்டியல் பெரிது. மைனர் த்ரெட் குழுவின் இயன் மெக்காய், பிளாக் ஃபிளாக்கில் போய்ச் சேர்ந்த ஹென்றி ராலின்ஸ் இருவரும் வாஷிங்டன் பையன்கள், இவர்களைப் பார்த்துக் கண் விரிந்தவர்கள். பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவின் ஆடம் யாக், ஹார்ட்கோரில் இதைவிட நல்ல ஆல்பம் இல்லை என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குழுவும் முதல் பதிவை அதே 171ஏ-வில்தான் செய்தது. பேட் பிரெய்ன்ஸின் அடுத்த ஆல்பம் 1983-இல் 'ராக் ஃபார் லைட்', ரிக் ஒகாசெக் தயாரித்தது. சத்தம் இன்னும் சுத்தம். ஆனால் 1991-இல் அதை மறுபடி வெளியிட்டபோது கலவையை மாற்றியதோடு வேகத்தையும் கூட்டிவிட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஸ்க்ரூவில் கை வைத்தவன் நான் மட்டும் இல்லை. நான் குறைத்தேன், அவர்கள் கூட்டினார்கள், இரண்டுமே தேவையில்லாத வேலை.

வாங்கலாமா என்றால் வாங்கலாம். கேசட்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம், தட்டாகவும் சிடியாகவும் பின்னால் வந்துவிட்டது, போனிலும் கேட்கலாம். போனில் கேட்கிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஆறாவது பாட்டு ஆறாவதாகத்தான் வர வேண்டும்.

மாப்பிள்ளை கேசட்டைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கொடுப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன், பீரோவில் பிரிக்காத டி.டி.கே. 60 ஒன்று மிச்சம் இருந்தது. 34 நிமிடம் போக 26 நிமிடம் காலி. காலியாக விட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளர் திட்டுவார் என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை. மாசியில் அந்தப் பெரியவர் ராத்திரி பம்பை அடித்ததை மிக்ஸரிலிருந்து பென் டிரைவில் பிடித்து வைத்திருந்தேன். 'இன்ட்ரோ'வுக்குப் பின்னால் மூன்று நொடி இடைவெளி விட்டு அதை ஏற்றினேன்.